புதி ஏரிக்கரையில் இரண்டு நாள்: ஒரு கதைப் பயணத்தின் மதிப்புரை

தென் சிலேயில் (சிலி) தெமுக்கோ நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 85 கிலோமீட்டர் சென்றால் பசிபிக் கரையில் புவெர்த்தோ சாவேத்ரா என்னும் சிற்றூர் இருக்கிறது. அதற்குச் சற்றுத் தெற்கே, தாழ்ந்த குன்றுகளுக்கிடையே பல கைகளாகப் பிரிந்து கிடக்கும் புதி ஏரி உப்பு நீர் ஏரியாகும். அதன் கரைகளில் மபுச்சே மக்களுள் லாஃப்கென்ச்சே எனப்படும் கடலோரப் பிரிவினர் வாழ்கின்றனர். அவர்கள் மொழியில் 'மபு' என்பது நிலம், 'லாஃப்கென்' என்பது கடல், 'சே' என்பது மக்கள். அங்குள்ள சில குடும்பங்கள் வெளியூராரைத் தங்கவைத்து, உணவளித்து, தங்கள் முன்னோர் கதைகளைச் சொல்கின்றன. தெமுக்கோவிலுள்ள ஒரு சுற்றுலா முகமையின் வழியாக முன்பதிவு செய்து, சென்ற ஏப்ரல் மாதம் அப்படியொரு குடும்பத்தோடு இரண்டு பகலும் ஓர் இரவும் கழிக்கச் சென்றேன். போக்குவரத்து, உணவு, தங்கல், வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 65,000 பெசோ, அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ 6,000 ரூபாய். ஒரே கட்டணத்துக்கு எனக்குக் கிடைத்தவை உண்மையில் இரண்டு சேவைகள்: முகமையுடையது ஒன்று, அந்தக் குடும்பத்துடையது மற்றொன்று. முதலாவதை எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவதற்காக எவ்வளவு தொலைவும் மீண்டும் போவேன்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு முகமை ஒரு கையேட்டை அனுப்பியிருந்தது. அதில் 'மபுச்சே படைப்புப் புராணம்' என்ற தலைப்பில் அரைப் பக்கக் கதை இருந்தது. வானுலகின் பெரிய ஆவி தன் மகனைப் பூமிக்கு அனுப்புகிறது. அவனுக்குத் துணையாக ஒரு விண்மீன் பெண்ணுருக் கொண்டு இறங்குகிறது. அவள் நடக்குமிடமெல்லாம் கல் கரைந்து புல்லாகிறது. மகனைக் காண வானத்தில் துளையிட்டுத் தந்தை எட்டிப் பார்ப்பதே கதிரவன், இரவில் தாய் பார்ப்பதே நிலவு. அழகான கதைதான், சிறுவர் நூல்களில் பலமுறை அச்சேறிய கதையும்கூட. ஆனால் இதை எல்லா மபுச்சே மக்களின் ஒரே தோற்றக் கதையாக அச்சிட்டதுதான் கையேட்டின் முதல் பிழை. 2017ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பில் சிலேயில் மட்டும் 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்களை மபுச்சே என்று பதிந்துள்ளனர். ஆண்டீஸ் மலைத்தொடருக்கு அப்பால் அர்ஹெந்தீனாவிலும் (அர்ஜென்டினா) அவர்கள் வாழ்கின்றனர். பெவென் மரத்தின் கொட்டையை உண்டு வாழும் மலையகத்தார்க்கு ஒரு மரபும், கடலோரத்தார்க்கு வேறொரு மரபும் இருக்கின்றன. எல்லோருக்கும் பொதுவான படைப்பு நூல் என்று ஒன்று அவர்களிடம் இல்லை. கடலோரத்தார் தொடக்கம் என்று சொல்வதோ உலகம் உண்டான நாளை அன்று. உலகம் ஏற்கனவே இருந்து, மக்களும் இருந்து, அவர்கள் அனைவரும் அழியவிருந்த ஒரு நாளை.

முதல் நாள் காலையில் தெமுக்கோவின் அரௌக்கானியா வட்டார அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றார்கள். வெள்ளி அணிகலன்களும் நெசவுகளும் நிதானமாகப் பார்க்கத் தகுந்தவை. எங்களுக்குத் தரப்பட்ட நேரம் நாற்பது நிமிடம். பிறகு சிற்றுந்தில் நுவேவா இம்பெரியால், கராவே வழியாகப் பயணம். வழிகாட்டி இளைஞர் கனிவானவர், வண்டியை நன்றாக ஓட்டினார், ஆனால் மனப்பாடம் செய்ததையே சொன்னார். புவெர்த்தோ சாவேத்ராவுக்கு அப்பெயர் தந்த கொர்னேலியோ சாவேத்ராவை 'இப்பகுதிக்கு அமைதி கொணர்ந்தவர்' என்று அறிமுகப்படுத்தினார். 1861 முதல் 1883 வரை சிலே அரசின் படை மபுச்சே நாட்டைக் கைப்பற்றிய நடவடிக்கையை வகுத்துத் தொடங்கி நடத்திய அதிகாரி அவர். வென்றவர்கள் அதற்கு இட்ட பெயர் 'அமைதிப்படுத்தல்'. மபுச்சே குடும்பத்தின் விருந்தாளிகளாகப் போய்க்கொண்டிருக்கும் வண்டிக்குள் அந்தச் சொல் காதில் விழுந்தது எனக்கு உறுத்தியது.

ஏரிக்கரையை அடைந்தபோது மாலை மூன்று மணி இருக்கும். ருக்கா எனப்படும் அவர்களுடைய மரபு வீடு மரச்சட்டங்களின் மேல் கோரை வேய்ந்த நீள்வட்டக் குடில். வாசல் கிழக்கு நோக்கியது. கதிரவன் எழும் கிழக்கு அவர்களுக்குத் திசைகளுள் தலையானது. நடுவில் தரையிலேயே நெருப்பு, புகைபோக்கி கிடையாது. புகை கூரையை நனைப்பதுபோல் மெல்ல ஊறி வெளியேறும். விருந்தினர் உறங்குவதற்கு அருகிலேயே பலகை வீடு ஒன்று இருக்கிறது. மெத்தை, கம்பளி, சுடுநீர் மூன்றிலும் குறையில்லை. ருக்காவிற்குள் அமர்ந்த உடுப்பில் புகை மணம் நான்கு சலவை வரை போகவில்லை. நல்ல உடுப்பைக் கொண்டுபோக வேண்டாம்.

இருட்டிய பிறகு கதை தொடங்கியது. சொன்னவர் வீட்டின் மூதாட்டி. வயதில் மூத்த பெண்களை மரியாதையாக 'பாபாய்' என்று அழைப்பது அவர்கள் வழக்கம். நாங்களும் அப்படியே அழைத்தோம். அவர் என்னை 'லம்ஙென்', அதாவது உடன்பிறப்பே, என்றார். அவர் மபுச்சே மக்களின் மொழியான மபுதுங்குன்னில் சொல்ல, பேத்தி ஸ்பானிய மொழியில் சொல்ல, அதை வழிகாட்டி உடன் வந்திருந்த இருவருக்காக ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. சில ஆண்டுகள் தலைநகர் சாந்தியாகோவில் வேலை பார்த்ததால் எனக்கு ஸ்பானிய மொழி புரியும். மபுதுங்குன் புரியாது என்றாலும் காது அந்நியப்படவில்லை. 'ருக்கா' என்று எழுதுகிறோமே, அதன் முதலொலி நம் ழகரத்துக்கு மிக அருகில் நாக்கை மடித்து எழுவது. பல்லைத் தொடும் நகரமும் அதற்குப் பின்னால் ஒலிக்கும் னகரமும் அங்கே வெவ்வேறு ஒலிகள். மலைக்கும் நீருக்கும் காட்டுக்கும் உரிய காவல் ஆவியை 'ஙென்' என்கிறார்கள். நம் அரிச்சுவடியில் ஔவையார் வரிக்காகவே காத்துக் கிடக்கும் ஙகரத்துக்கு அங்கே சொல்லின் முதலில் நாள்தோறும் வேலை இருக்கிறது.

கதை இது. கடலுக்குரிய பெரும்பாம்பு கைகை விலு; நிலத்துக்குரியது ட்ரெங்ட்ரெங் விலு; 'விலு' என்றால் பாம்பு. ஒருநாள் கைகை விழித்துக்கொண்டு, தன் வாலால் கடலை அடித்து, 'கய், கய், கய்' என்று கத்தியதாம். மூதாட்டி அதைச் சொன்னபோது குரலை உயர்த்தாமல், பல்லிடுக்கில் காற்றை விட்டுச் சீறலாகவே சொன்னார். நீர் ஏறி வயல்களை மூடியதாம். மக்கள் குன்றை நோக்கி ஓடினார்களாம். ஓடமுடியாமல் நீரில் அகப்பட்டவர்கள் மீனானார்களாம், சிலர் பாறையானார்களாம். அப்போது குன்றின் உள்ளிருந்து ட்ரெங்ட்ரெங், தொண்டைக்குள்ளிருந்து உருளும் ஒலியோடு, 'ட்ரெங், ட்ரெங்' என்று மறுமொழி சொல்லித் தன் முதுகை உயர்த்தியதாம். நீர் ஏற ஏறக் குன்றும் ஏறியதாம். ஏறி ஏறிக் கதிரவனுக்கு அருகே போய்விட்டதாம். வெப்பம் தாங்காமல் மக்கள் சமையல் ஓடுகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்களாம். அப்படியும் பலர் மாண்டார்களாம், சிலருக்குத் தலைமயிர் போய்விட்டதாம். இந்த இடத்தில் மூதாட்டி என் பக்கத்தில் இருந்த வழுக்கைத்தலை நண்பரைப் பார்த்துச் சிரித்தார். மொழிபெயர்ப்புக்கு முன்பே எல்லோரும் சிரித்தோம். முடிவில் எஞ்சியவர் மிகச் சிலரே. இப்போதுள்ள மக்கள் அவர்கள் வழி வந்தவர்கள்.

இருபது நிமிடத்துக்கும் மேல் நீண்ட இந்தக் கூற்றை வழிகாட்டி மூன்று வாக்கியத்தில் முடித்தார்: மபுச்சே மக்கள் இரு பாம்புகளை நம்புகிறார்கள்; ஒன்று தீயது, ஒன்று நல்லது; நல்லது வென்றது. முகமையின் மேல் எனக்கு இருக்கும் முதன்மைக் குறை இதுதான். மூதாட்டி கைகையைத் தீயது என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. வெற்றி தோல்வியும் அவர் கதையில் இல்லை. கைகை சோர்ந்தது, ட்ரெங்ட்ரெங்கும் தாழ்ந்தது, இரண்டும் இன்றும் இருக்கின்றன. மீனை உண்டு வாழும் மக்கள் கடலைத் தீயது என்று எப்படிச் சொல்வார்கள்?

அதைவிட நுட்பமான இழப்பு ஒன்று வினைமுற்றில் நேர்ந்தது. மறுநாள் காலையில் பேத்தி எனக்கு அதை விளக்கினார். மபுதுங்குன் மொழியில் 'அமுய்' என்றால் போனார். 'அமுர்க்கேய்' என்றால் போனாராம். நடுவில் வரும் 'ர்க்கே' என்னும் அசை, தான் நேரில் காணாததைப் பிறர் சொல்லக் கேட்டுச் சொல்கிறேன் என்பதைக் காட்டுகிறது. நாம் 'ஆம்' சேர்ப்பதைப் போன்றதே. ஸ்பானிய மொழியில் இதற்கு ஒவ்வொரு வாக்கியத்திலும் 'என்கிறார்கள்' என்று கட்ட வேண்டியிருக்கிறது, அது விரைவில் சலித்து விடுபட்டுப்போகிறது. தமிழில் ஒரே எழுத்துப் பெருக்கத்தில் முடிந்துவிடும். கூற்று வகைகளுக்கும் அவர்களிடம் தனித்தனிப் பெயர்கள் உண்டு. நரியும் பூமாவும் பேசும் கற்பனைக் கதை 'எப்பெவ்'. முன்னோரிடமிருந்து மெய்யென்று பெற்றுக் கைமாற்றுவது 'நுட்ராம்'. உரையாடலுக்கும் அதே சொல்தான். 'என்பர்' என்ற பொருள்படும் 'பியாம்' இன்னொரு வகை. இரு பாம்புகளின் கதையை அந்தக் குடும்பம் எப்பெவ் என்று சொல்வதில்லை. கையேடோ அதை 'மாயக் கதை' என்று எழுதியிருந்தது.

கூற்றின் இரண்டாம் பகுதியில் இந்த அசையின் வேலையை என் காதாலேயே கேட்டேன். மூதாட்டி மூச்சு வாங்கி, நெருப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டு, 1960ஆம் ஆண்டைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் 'ர்க்கே' நின்றுவிட்டது. அந்த ஆண்டு மே 22, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், இதுவரை அளக்கப்பட்ட நிலநடுக்கங்களில் மிகப் பெரியது, 9.5 அளவில், இக்கரையை உலுக்கியது. தொடர்ந்து வந்த கடல்கோள் புவெர்த்தோ சாவேத்ராவின் தாழ்ந்த பகுதியை வாரிக்கொண்டு போனது. மூதாட்டிக்கு அப்போது எட்டு வயது. அவருடைய பாட்டி ஒரு கையில் அவரையும் மறு கையில் ஒரு கோழியையும் பிடித்துக்கொண்டு குன்றேறினார். 'ஏறினோம். கடல் பின்வாங்கியது. பிறகு வந்தது.' ஆம் என்னும் அசை இல்லாமல், மூன்று குறு வாக்கியம். வழிகாட்டி அதை மொழிபெயர்க்கவே இல்லை, நேரமாகிவிட்டது என்றார்.

இரண்டாம் நாள் காலையில் கோதுமை வறுத்தார்கள். கயானா என்பது அகன்ற வறையோடு. அதில் மணலோடு கோதுமையை இட்டு நெருப்பின்மேல் அசைத்து அசைத்து வறுத்து, சலித்து, கல்லில் அரைத்தால் 'முர்க்கே' என்னும் வறுத்த மாவு கிடைக்கும். வறுத்து முடித்த மூதாட்டி ஓடு ஆறும்வரை காத்திருந்து, அதைத் தலையில் கவிழ்த்துக் காட்டினார். விளிம்பு புருவத்தைத் தொட்டது, நெற்றியில் கரி ஒட்டியது. முந்தைய இரவு கதையில் கேட்ட ஓடு இதுதான். 17ஆம் நூற்றாண்டில் சிலேயின் வரலாற்றை எழுதிய இயேசு சபைப் பாதிரியார் தியேகோ தெ ரொசாலெஸ் இதே வெள்ளக் கதையைப் பதிந்திருக்கிறார்; அவருடைய கையெழுத்துப்படி 1877இல்தான் அச்சேறத் தொடங்கியது. அங்கும் மக்கள் தலையில் கயானா கவிழ்த்துக் கதிரவனிடமிருந்து தப்புகிறார்கள், அங்கும் வழுக்கை விழுகிறது. எஞ்சியவர்களை 'லிதுச்சே', அதாவது மக்கட்பிறப்பின் தொடக்கம், என்று அவர்கள் அழைத்ததாக அவர் எழுதுகிறார். ஏறத்தாழ 350 ஆண்டுகள், ஒரு போர், ஒரு நாட்டிழப்பு, பள்ளிகளில் ஒடுக்கப்பட்ட ஒரு மொழி எல்லாவற்றையும் தாண்டி அந்த வறையோடு கதையில் அப்படியே இருக்கிறது. காரணம் அது அடுப்படியிலும் அப்படியே இருப்பதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு குன்றேறினோம். ட்ரெங்ட்ரெங் என்பது ஒரே ஒரு மலையின் பெயரன்று. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனக்கென ஒரு ட்ரெங்ட்ரெங் குன்று உண்டு என்று ரொசாலெஸ் காலத்திலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் ஏறியது பெரிய உயரமில்லை. அரை மணி நேரச் சேற்று நடை. ஏறுமுன் பேத்தி நின்று, குன்றின் ஙெனிடம் வாய்விட்டு அனுமதி கேட்டார். உச்சியிலிருந்து ஒரு பக்கம் ஏரியும் மறுபக்கம் கடலும் தெரிந்தன. எங்கிருந்து நீர் வரும், எந்த ஒற்றையடிப் பாதை ஏற்றத்துக்குப் போகும் என்று பேத்தி கைகாட்டிச் சொல்லிக்கொண்டே வந்தபோது, முந்தைய இரவு கேட்ட கதையின் வழித்தடம் தரையில் கிடப்பதைக் கண்டேன். குன்று உயர்ந்தது என்பதைக் கற்பனை என்று தள்ளுவோர்க்கு ஒரு செய்தி: 1835இல் கொன்செப்சியோன் நகரை அழித்த நிலநடுக்கத்தில் வடக்கேயுள்ள சாந்தா மரியா தீவு ஏறத்தாழ 3 மீட்டர் வரை உயர்ந்ததை பீகிள் கப்பலின் தலைவர் பிட்ஸ்ராய் அளந்தார், அதில் உடன் வந்த டார்வின் எழுதினார். 1960இல் வால்திவியா அருகே நிலம் இரண்டு மீட்டருக்கு மேல் தாழ்ந்து வயல்கள் சதுப்பாயின, அதே நேரத்தில் தெற்கே சில தீவுகள் மேலெழுந்தன. ஒரு பக்கம் நீர் இழுத்துக்கொள்வதும் மறுபக்கம் நிலம் எழுவதும் இக்கரையில் ஒரே நாளில் நடப்பவை. பாம்புகள் இரண்டு என்பதற்கு இங்கே நிற்பவர்க்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இந்தக் கதை எங்கெல்லாம் வேர்விட்டிருக்கிறது என்பதையும் பேத்திதான் காட்டினார். கூரிவில், மியாவில், பாய்னெவிலு போன்ற குடும்பப் பெயர்களின் வாலில் இருப்பது பாம்புதான்: கரும்பாம்பு, பொற்பாம்பு, நீலப்பாம்பு. தெமுக்கோவையும் அடுத்துள்ள பாத்ரே லாஸ் காசாஸ் ஊரையும் இணைக்க 2021இல் திறக்கப்பட்ட பாலத்துக்கு ட்ரெங்ட்ரெங் கைகை என்றே பெயர். முந்தைய நாள் அருங்காட்சியகத்தில் நாற்பது நிமிடம் விரட்டியதற்குப் பதிலாக அந்தப் பாலத்தில் பத்து நிமிடம் நிறுத்தியிருக்கலாம்.

கையேட்டைப் பற்றி இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. ரொசாலெஸ் பதிந்த கதையில், கடலைத் தணிக்க ஒரு குழந்தையைப் பலி தந்த செய்தியும் வருகிறது. 1960இல் நிலம் ஓயாது அதிர்ந்துகொண்டிருந்த வாரங்களில், இந்த ஏரிப் பகுதியில் ஒரு சிறுவன் கடலுக்குப் பலியிடப்பட்டான். வழக்கு நடந்தது, சிறைவைக்கப்பட்டவர்கள் பிறகு விடுவிக்கப்பட்டனர். நாளேடுகள் அதை வைத்து ஒரு மக்கள்கூட்டத்தையே குற்றவாளி ஆக்கின. முகமையின் கையேடு அந்த நிகழ்வைக் கொட்டை எழுத்தில், பார்க்க வேண்டிய இடங்களின் வரிசையில் சேர்த்திருந்தது. உடன் வந்தவர்களில் ஒருவர் அதை நம்பி, அந்த இடம் எங்கே என்று உணவு வேளையில் கேட்டுவிட்டார். மூதாட்டி எழுந்து விறகெடுக்க வெளியே போனார். திரும்பி வர நெடுநேரம் ஆயிற்று. கேட்டவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அச்சிட்டவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

அதே கையேடு 'மந்திரப் பெண்ணின் நடனம்' ஒன்றையும் வாக்களித்திருந்தது. மாச்சி எனப்படுபவர் நோய் தீர்ப்பவர், கனவாலும் நோயாலும் அப்பணிக்கு அழைக்கப்படுபவர். நான்காகப் பகுத்து வரைந்த தோலுடைய குல்ட்ருன் என்னும் பறையை அவர் கொட்டுவது சடங்கில். விருந்தினர்க்காக அதைச் செய்து காட்ட முடியாது என்று குடும்பம் நேரடியாகச் சொல்லிவிட்டது. பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கலாமா என்று ஒருவர் முணுமுணுத்தார். எதைக் காட்டக்கூடாது என்று தெரிந்த இடத்தில்தான் காட்டியவற்றின்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

உணவு எளிமை, அளவு தாராளம். வேகவைத்த கோதுமையை அரைத்துப் பிடித்த கொழுக்கட்டை போன்ற 'முல்ட்ருன்', உருளைக்கிழங்கு, ஏரி மீன், மெர்க்கேன் என்னும் புகையூட்டிய மிளகாய்ப்பொடி. பொடியின் மணம் அருமை, காரம் நமக்குப் போதாது. புளிக்கவைத்த கோதுமைப் பானமான 'முதாய்' ஒரு குவளை போதும்.

போக நினைப்பவர்கள் தெமுக்கோவின் சிற்றுந்து நிலையத்திலிருந்து புவெர்த்தோ சாவேத்ராவுக்குத் தாங்களே செல்லலாம். குடும்பத்துக்கு முன்கூட்டித் தொலைபேசியில் சொன்னால் அங்கிருந்து அழைத்துக்கொள்கிறார்கள். இடையில் முகமை தேவையில்லை, முழுப் பணமும் அவர்களிடமே போய்ச் சேரும். ஸ்பானிய மொழி தெரிந்த ஒருவர் உடனிருப்பது நல்லது. பணத்தைத் தாளாகக் கொண்டுபோகவும், நீர் புகாத காலணி கட்டாயம். வெறுங்கையோடு போகாமல் தேநீர்போல் ஊறவைத்துக் குடிக்கும் மாத்தே இலையும் சர்க்கரையும் ஒவ்வொரு கிலோ வாங்கிச் செல்வது அங்கே மரியாதை. முகமையின் வண்டி எங்களை ஒன்றரை மணிக்கே கிளப்பப் பார்த்தது. நான் மட்டும் பின்தங்கி, மூதாட்டியிடம் 1960இன் மீதிக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்ததில் மாலைப் பேருந்தையும் தவறவிட்டேன். அந்த இரண்டாம் இரவுக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டபோது, கயானாவைக் கையில் கொடுத்து, காலையில் கோதுமையை நீயே வறு என்றார்கள்.